பாறை எப்படி மண்ணாகிறது? சிதைவும் அரிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலடி மண், ஆற்று மணல், கடற்கரைக் கூழாங்கல், மலையடிவாரத்து உடைகல் எல்லாமே ஒரு காலத்தில் கெட்டிப் பாறையாக இருந்தவை. அந்தப் பாறை எப்படி உடைந்தது, உடைந்தது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று மாணவர்களும் ஆசிரியர்களும் மலையேறுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறும் கடலும் காற்றும் செய்கிற ஆரவாரமான வேலை எல்லார் கண்ணிலும் படும். அதற்கு முன்பே சத்தமில்லாமல் பாறையை இளக்கிவைக்கிற வேலையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அதனால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சிதைவு, அரிப்பு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பாறை தான் இருக்கும் இடத்திலேயே விரிசல் விட்டு, நொறுங்கி, கரைந்து, உளுத்துப்போவது சிதைவு. அப்படித் தளர்ந்துபோனதை நீரோ காற்றோ பனியோ அலையோ பெயர்த்துக்கொண்டு போவது அரிப்பு. ஓர் இரும்புக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் துரு ஏறுவது சிதைவு. மழை அந்தத் துருவை வழித்துக்கொண்டு போவது அரிப்பு. கொண்டுபோனதை வேறோர் இடத்தில் இறக்கிவைப்பதற்குப் படிதல் என்று பெயர்.

சரிவில் இருப்பது தன் எடையாலேயே மொத்தமாகக் கீழே இறங்கினால் அது நிலச்சரிவு. அதைத் தூக்கிச்செல்ல ஆறும் வேண்டாம், காற்றும் வேண்டாம், புவியீர்ப்பே போதும். ஆனாலும் பல நிலச்சரிவுகளுக்கு முன்னால் அந்த இடத்தில் சிதைவு நெடுங்காலம் வேலை செய்திருக்கும். ஒரு நாள் பெருமழை பெய்து, ஊறிக் கனத்த மண்ணை வழுக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் மெத்தென்றுதானே இருக்கிறது? அது எப்படிக் கல்லை உடைக்கிறது?

நான்கு வழிகளில். முதலாவது, உறைதல். தண்ணீர் பனிக்கட்டியானால் அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பாறையின் விரிசலுக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்தால் இரு பக்கச் சுவரையும் நெட்டித் தள்ளும். பகலில் உருகி, அகலமான அந்த விரிசலுக்குள் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். மறுபடி உறையும். இதில் குளிர் எவ்வளவு கடுமையானது என்பதைவிட எத்தனை முறை உறைந்து உருகுகிறது என்பது முக்கியம். உயர்ந்த மலைகளின் அடிவாரத்தில் கூர்முனைக் கற்கள் குவியல் குவியலாகக் கிடப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இரண்டாவது, கரைத்தல். காற்றில் உள்ள கரியமில வாயு மழைத்துளியில் கரைந்து மிக மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. மாசே இல்லாத மழையின் பி.எச். அளவுகூட (அமிலத்தன்மையின் அளவு; 7-க்குக் கீழே போனால் அமிலம்) சுமார் 5.6 தான். மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் வாயு சேர்ந்து அமிலத்தன்மை மேலும் ஏறும். சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து குகையாக்க இது போதும். அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகையில் இதுவரை அளந்த வழிகளின் மொத்த நீளம் 680 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவையும் குடைந்தது இந்த மென்மையான அமிலம்தான். அதே நீர் குகைக் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு பிரிந்து போய்விடும். கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிக் கல்விழுதாகத் தொங்கும்.

மூன்றாவது, உப்பு. உப்புக் கலந்த நீர் கல்லின் நுண்துளைகளில் ஏறி, ஆவியாகி, உப்புப் படிகத்தை விட்டுப்போகும். படிகம் வளர வளர கல்லின் தோல் பொருக்குப் பொருக்காக உதிரும்.

நான்காவதாக, தண்ணீரில் மிதந்தும் உருண்டும் வரும் மணலும் கல்லும். ஆற்றுப் பாறையில் குடம் இறக்கிவைத்த மாதிரி வட்டமான குழிகள் இருக்குமே, குடக்குழிகள், அவற்றில் ஒன்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். அடியில் வழவழப்பான இரண்டு மூன்று கூழாங்கற்கள் கிடக்கும். சுழலில் சிக்கிய அந்தக் கற்கள் சுற்றிச் சுற்றிப் பாறையைக் கடைந்து குழியைத் தோண்டியிருக்கின்றன, தாங்களும் தேய்ந்திருக்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே தேய்வது இரண்டு பக்கமும்.

வெயிலில் காய்ந்து, இரவில் குளிர்ந்து பாறை வெடிக்கும் என்று படித்தோமே?

பாடப்புத்தகங்களில் இது நேர்வரியாக எழுதப்பட்டிருக்கும். விஷயம் அவ்வளவு எளிதில்லை. 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஒரு கருங்கல் துண்டை எடுத்து, மின்சூட்டில் காய்ச்சுவதும் காற்றில் ஆற்றுவதுமாக ஏறத்தாழ 89,000 முறை செய்து பார்த்தார். பாலைவனத்தில் 244 ஆண்டுகள் பகலும் இரவும் மாறி மாறி வருவதற்குச் சமம் அது. கல்லில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. அப்புறம் ஆற்றும்போது மட்டும் தண்ணீர் தெளித்தார். குறுகிய காலத்திலேயே மேற்பரப்பு மெருகு இழந்து விரிசல் விட ஆரம்பித்தது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. வறண்ட பாலைவனத்தில்கூட, கல்லைச் சிதைப்பதில் விடியற்காலைப் பனித்துளிக்குப் பங்கு இருக்கிறது என்று அது காட்டியது. அதற்காக வெயிலை முழுவதுமாக விட்டுவிடவும் முடியாது. பாலைவனத் தரையில் கிடக்கும் கற்களில் பல விரிசல்கள் வடக்கு தெற்காக ஓடுவதைப் பிற்கால ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் சூடேறுவதோடு அது பொருந்துகிறது. ஆகவே வெயில் விரிசலைத் தொடங்கிவைக்கலாம்; அதை வளர்ப்பதில் ஈரத்தின் கை ஓங்கியிருக்கும். காட்டுத்தீ மட்டும் வேறு கதை. அந்தச் சூட்டில் பாறை பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

கருங்கல்கூடவா மண்ணாகும்?

ஆகும். மலைச்சாலைக்காகச் சரிவை வெட்டிய இடம் ஏதாவது இருந்தால் போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல் மாதிரியே இருக்கும். புள்ளிகள், கோடுகள் எல்லாம் அப்படியே. பக்கத்தில் போய் விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று பொருள் தெரியும். கண்ணாடிச் சில்லு போல மினுங்கும் மணிகள் குவார்ட்ஸ். நசுக்கினால் மாவாகும் வெள்ளைப் பொட்டுகள் முன்பு ஃபெல்ட்ஸ்பாராக இருந்தவை. பழுப்பேறிய மெல்லிய தகடுகள் மைக்கா.

நடந்தது இதுதான். அமில நீர் ஃபெல்ட்ஸ்பாரில் இருந்த பொட்டாசியம், சோடியம், கால்சியத்தை உருவிக்கொண்டு போய்விட்டது; மீதி களிமண்ணாக மாறிவிட்டது. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்துவிட்டன. குவார்ட்ஸை மட்டும் அந்த நீரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உலகத்தின் ஆறுகளிலும் கடற்கரைகளிலும் குவார்ட்ஸ் மணலே மிகுதியாக இருப்பது இதனால்தான். அது கடைசிவரை தாக்குப்பிடித்தது.

வெப்பமும் மழையும் சேர்ந்த நாடுகளில் இந்த உளுத்தல் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அங்கே பெருமழை மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சும். கேரளத்தில் இந்தச் செம்புரைக்கல்லைச் செங்கல் போல வெட்டி எடுப்பதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1807-இல் அதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் இப்படி மிஞ்சியதுதான்.

பெரிய வழுக்குப்பாறைகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிவது இன்னொரு வகை. பூமிக்குள் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை அது. மேலே இருந்த சுமை அரிக்கப்பட்டு நீங்கியதும் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம்.

எல்லாப் பாறையும் ஒரே வேகத்தில் சிதையுமா?

சிதையாது. பாறையின் வகை, அதில் உள்ள விரிசல்கள், அது இருக்கும் தட்பவெப்பம் மூன்றும் சேர்ந்து வேகத்தைத் தீர்மானிக்கும். மழை அதிகமான இடத்தில் சுண்ணாம்புக்கல் கரைந்து தாழ்ந்துபோகும். அதே கல் வறண்ட இடத்தில் செங்குத்துச் சுவராக நிற்கும்.

இதை அளந்து பார்க்க ஓர் அருமையான இடம் பழைய கல்லறைத் தோட்டம். சில பளிங்குக் கல்லறைகளில் எழுத்துகளைக் குடைந்து, அவற்றில் ஈயத்தை நிரப்பி, கல்லோடு கல்லாக மட்டம் பிடித்திருப்பார்கள். நூறு ஆண்டு மழைக்குப் பிறகு அந்த ஈய எழுத்துகள் கல்லிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். எழுத்து எழும்பவில்லை, கல் தாழ்ந்திருக்கிறது. விரல் நுனியால் தடவினாலே தெரியும். கல்லறையில் வெட்டிய ஆண்டு இருப்பதால் கணக்குப் போடுவதும் எளிது. ஆர்ச்சிபால்ட் கெய்க்கி என்ற ஸ்காட்லாந்துப் புவியியலாளர் 1880-இல் எடின்பரோவின் கல்லறைகளில் கல் எப்படிச் சிதைகிறது என்று ஆராய்ந்தார்.

எகிப்தில் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த ஒரு கருங்கல் தூண் 1881-இல் நியூயார்க்கில் நிறுத்தப்பட்டது. கிளியோபாட்ராவின் ஊசி என்பார்கள். விழுந்து கிடந்த காலத்தில் அது எகிப்து நிலத்தின் உப்பை உறிஞ்சியிருந்தது. புது ஊரின் ஈரமும் குளிரும் பட்டதும் சில ஆண்டுகளிலேயே அதன் முகம் செதில் செதிலாக உதிர ஆரம்பித்துவிட்டது.

கிராண்ட் கேன்யனை ஆறுதான் வெட்டியதா?

பாதி உண்மை. அந்தப் பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர், ஆழம் 1.6 கிலோமீட்டருக்கு மேல், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் அகலமோ சராசரியாக 100 மீட்டருக்குள்தான். 100 மீட்டர் ஆறு 29 கிலோமீட்டர் பள்ளத்தை எப்படி வெட்டும்?

ஆறு கத்தி மாதிரி கீழ்நோக்கி மட்டும் வெட்டியது. கடந்த ஐந்தாறு மில்லியன் ஆண்டுகளில்தான் பெரும்பகுதி வேலை நடந்திருக்கிறது. ஆழம் கூடக்கூட இரு பக்கச் சுவர்களும் பிடிமானம் இழந்தன. அப்புறம் மழையும் உறைபனியும் ஓடைகளும் பாறைச்சரிவும் சுவர்களைப் பின்னுக்குத் தள்ளின. உடைந்து விழுந்ததை ஆறு வாரிக்கொண்டு போனது. ஆழம் ஆற்றின் வேலை, அகலம் பெரும்பாலும் சிதைவின் வேலை. அங்கே சுவர்கள் படிக்கட்டு போல இருப்பதற்கும் இதுவே விளக்கம்: சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் செங்குத்தாக நிற்கின்றன, இடையில் உள்ள மெல்லிய களிப்பாறை சாய்ந்து சரிந்துவிட்டது.

நயாகராவிலும் அதே கதை. மேலே கெட்டியான பாறை, கீழே மென்மையான பாறை. அருவி அடிப்பகுதியைக் குடைய, மேல்தட்டு தாங்கலில்லாமல் ஒடிந்து விழ, அருவி சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது.

சாதாரண நாளில் சாதுவாக ஓடும் ஆறு வெள்ளத்தில் பாறாங்கல்லை எப்படி உருட்டுகிறது?

நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது நகர்த்தக்கூடிய மிகப்பெரிய கல்லின் எடை இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகிறது. வேகத்தின் ஆறாம் அடுக்கு என்பது கணக்கு. ஆண்டு முழுவதும் ஆறு செய்யாத வேலையை வெள்ளம் ஓரிரு நாளில் முடித்துவிடுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. மெல்லிய களிமண்ணைப் பெயர்ப்பது சுலபம் என்று தோன்றும். உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட களிமண்ணைப் பெயர்க்க, மணலைப் பெயர்ப்பதைவிட அதிக வேகம் வேண்டும். சுவீடனைச் சேர்ந்த யுல்ஸ்ட்ரோம் 1935-இல் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். ஆனால் ஒருமுறை பெயர்ந்துவிட்டால் களிமண் லேசில் கீழே இறங்காது. மணல் வழியிலேயே தங்கிவிட, களிமண் கலங்கலாகக் கடல்வரை போவது இதனால்தான்.

பனியாறு என்ன செய்யும்?

மலைச்சரிவில் மெதுவாக நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்தான் பனியாறு. ஆறு வெட்டிய குறுகலான பள்ளத்தாக்கை அது அகலமாக, அடி தட்டையாகச் சுரண்டிவிடும். பனிக்கு அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் போலப் பாறையை இழைத்துக் கீறல்களை விட்டுச்செல்லும். நார்வேயின் ஃபியோர்டுகள் இப்படிச் சுரண்டிய பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்தவை.

விசித்திர வடிவப் பாறைகளைக் காற்று செதுக்குகிறதா?

காற்றுக்குக் கொடுக்கும் பெயர் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. காற்று தள்ளும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரிரு மீட்டருக்குள்தான் துள்ளும். காளான் பாறைகளின் காம்பு மெலிவதற்கு அது ஒரு காரணம். தரையை ஒட்டித் தங்கும் ஈரமும் உப்பும் அங்கேயும் பங்காளிகள்.

காற்றின் உண்மையான பலம் தூசியைத் தூக்கிச்செல்வதில் இருக்கிறது. சகாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் படுகையில் இறங்குவதாக நாசாவின் செயற்கைக்கோள் அளவீடு சொல்கிறது. அதில் வரும் பாஸ்பரஸ், மழை அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸை ஏறக்குறைய ஈடுகட்டுகிறது. ஒரு பாலைவனம் கடல் தாண்டி ஒரு காட்டுக்கு உரம் போடுகிறது!

கடற்கரைப் பாறை வளைவுகள் ஏன் திடீரென்று விழுகின்றன?

கடலோரச் செங்குத்துப் பாறையின் அடியை அலை குடையும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இரு பக்கமும் குடைந்தால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் தனித் தூண். மால்டாவின் புகழ்பெற்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் பன்னிரு அப்போஸ்தலர் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. விழுவது ஒரு நொடி, அதற்கான தயாரிப்பு பல நூற்றாண்டுகள்.

இவ்வளவு அரித்தும் மலைகள் ஏன் தரைமட்டமாகவில்லை?

நல்ல கேள்வி. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட 8,849 மீட்டர் எவரெஸ்ட் 90 லட்சம் ஆண்டுகளுக்குள் காணாமல் போக வேண்டும். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியே ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதல் இன்னும் நிற்கவில்லை. கீழிருந்து தூக்குதல் நடந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். மலையின் வேர் பூமியின் அடர்த்தியான உள்ளடுக்கின்மேல் மிதக்கிறது. பாரம் இறக்கிய படகு மேலே எழுவது போல, மேலே அரிக்க அரிக்க மலை கீழிருந்து எழும்பும். 1,000 மீட்டர் பாறை அரிக்கப்பட்டால் உயரம் குறைவது சுமார் 200 மீட்டர்தான். எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த, உயிரிகளின் தடம் உள்ள சுண்ணாம்புக்கல்.

பாறைச் சிதைவுக்கும் பருவநிலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாறையைச் சிதைக்கும் மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்தே ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறது; அது கடைசியில் சிப்பி ஓடாகிச் சுண்ணாம்புக்கல்லாகிறது. பூமி சூடானால் சிதைவு வேகமெடுத்து வாயு குறையும், குளிர்ந்தால் மந்தமாகும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் சமநிலை இது. மனிதர்கள் இன்று வெளியிடும் வாயுவை அது நம் காலத்துக்குள் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மண் அரிப்பு இயற்கைதானே, ஏன் கவலைப்பட வேண்டும்?

வேகம்தான் பிரச்சினை. பாறை சிதைந்து ஓர் அங்குல மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும். உழுது வெறுமையாக விட்ட சரிவில் ஓரிரு பெருமழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கச் சமவெளியில் புல்வெளியை உழுது போட்ட பிறகு 1930-களில் வறட்சி வந்தபோது, மண் புழுதியாக எழுந்து வானத்தை மறைத்தது. 1935 ஏப்ரல் 14-ஐக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதத்தில் அந்நாடு மண்பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

சரிவுக்குக் குறுக்காக உழுவது, வரப்பு கட்டுவது, தரையைப் பயிரோ சருகோ மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆகியவை பலன் தருகின்றன. துளி நேரடியாக மண்ணில் விழாமல் இலையில் விழுவதே பெரிய பாதுகாப்பு.

மறுபக்கமும் உண்டு. வண்டலைத் தடுத்தாலும் இழப்புதான். 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு நைல் டெல்டாவுக்கு வண்டல் வருவது நின்றுபோக, கழிமுகக் கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014-க்குள் இரண்டு அணைகளை அகற்றினார்கள். தேங்கியிருந்த வண்டல் கீழே வந்து கழிமுகத்தில் மறுபடி கரையை வளர்த்தது.

நிலவிலும் செவ்வாயிலும் இதெல்லாம் நடக்கிறதா?

நிலவில் காற்றும் நீரும் இல்லை. நுண்விண்கற்கள் மட்டும் மிக மெதுவாகத் தேய்க்கின்றன. 1969-இல் பதிந்த காலடிகள் நெடுங்காலம் இருக்கும். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி 2012-இல் உருண்டையான கூழாங்கற்களைப் படம் பிடித்தது. காற்றால் உருட்ட முடியாத அளவு அவை. அங்கே ஒரு காலத்தில் ஓடை ஓடியது என்று அந்தக் கற்களே சொல்லிவிட்டன.

இதை நானே பார்க்க என்ன வழி?

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கி ஒன்றும் ஒரு சிட்டிகை ஆற்று மணலும் போதும். வெள்ளைத் தாளில் மணலைப் பரப்பிப் பாருங்கள். கூர்மூலையுள்ள மணிகள் அதிகம் என்றால் பாறையை விட்டு அதிக தூரம் வரவில்லை. முனை மழுங்கியிருந்தால் நெடுநாள் உருண்டிருக்கின்றன. பாலைவன மணல் கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். நீர் மெத்தை இல்லாமல் காற்றில் மோதி மோதி உருண்டையாகி, மேற்பரப்பு தேய்த்த கண்ணாடி போல மங்கியிருக்கும். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஃபெல்ட்ஸ்பார் மணிகள் நிறையத் தெரிந்தால், அந்த மணல் களிமண்ணாக மாற நேரம் கிடைப்பதற்குள் மலையை விட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறது. காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்தினால் கருமணிகள் எழுந்து நிற்கும், அவை மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம்.